தோள் இடிக்கும் தோட்டா

அத்தியாயம் 7

மார்வா ஸ்டென்ருட்டின் பிக்கப் ஹாகன் பண்ணைக்குள் நுழைந்தபோது டெஸ்ஸா தன் டிரெய்லர் வீட்டை வண்டியில் பூட்டிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை காலை. பனி இன்னும் விழவில்லை.

வண்டியை ஓட்டியவன் ஆர்லோ பிங்க். பதினாறு வருடம் ரோடியோவில் கோமாளி. விழுந்தவர்களைக் காளையிடமிருந்து காப்பாற்றுவதுதான் வேலை. தன் இடது முழங்காலை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. மார்வா முப்பது வருடம் மாட்டின் மேல் இருக்கும் சூட்டுக்குறியைப் பார்த்து அது யார் மாடு என்று சொன்ன அரசாங்க அதிகாரி. ஓய்வுக்குப் பிறகும் ஆட்கள் கூப்பிட்டார்கள். இப்போது மாடு தவிர மற்றதற்கும்.

“பொண்ணு ஓடத் தயாராயிட்டா,” என்றான் ஆர்லோ. “ஓடுறவதான் குற்றவாளி. கேஸ் முடிஞ்சது. வாங்க, சாப்பிடப் போலாம்.”

“அவதான் நம்மளக் கூப்பிட்டது. இறங்கு.”

டெஸ்ஸா கையுறையைக் கழற்றாமல் கை கொடுத்தாள். இருபத்தாறு வயது. மூன்று வருடமாக இந்தப் பண்ணையில் வேலை. நான்கு குதிரைகள் சொந்தம். அவற்றோடு சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வெளியேற வேண்டும் என்று முதலாளி ஓர்வில் ஹாகன் சொல்லிவிட்டார்.

“போன்ல பாதிதான் புரிஞ்சது,” என்றார் மார்வா. “முதல்ல இருந்து சொல்லு.”

“செவ்வாய்க்கிழமை தட்டு சுடுற நாள். வேட்டை தொடங்குறதுக்கு முன்னாடி வருஷா வருஷம் காகிதத் தட்டை வேலிக் கம்பத்துல அடிச்சு மூணு குண்டு சுடுவார். பக்கத்துப் பண்ணைக்காரங்க ரெண்டு பேர் காபியோட வேடிக்கை பாக்க வந்திருந்தாங்க. முதல் தோட்டாவை உள்ள தள்ளினார். அதை அடைச்சுப் பூட்டுற போல்ட் பாதியில நின்னுடுச்சு. ரெண்டாவதும் அப்படித்தான். இருபதும் அப்படித்தான். அவர் திரும்பி என்னைப் பாத்தார்.”

“ஏன் உன்னை?”

“ஞாயித்துக்கிழமை அவர் மேசையில உக்காந்து என் தோட்டாவை ஏத்திட்டு இருந்தேன். என் பிரஸ், என் அச்சு. அவரோடதைத் தொடவே இல்ல. ‘என் அச்சைத் திருகிட்டா’ன்னு ரெண்டு பேர் முன்னாடியும் சொன்னார்.” அவள் டிரெய்லர் கொக்கியைக் காலால் உதைத்துச் சரிபார்த்தாள். “வேலை போனாப் போகட்டும். அடுத்தவன் தோட்டாவுல கை வெச்சவள்னு பேர் வந்துட்டா இந்தப் பள்ளத்தாக்குல ஒருத்தனும் என்னைச் சேக்க மாட்டான்.”

அது உண்மை. இங்கே தோட்டாவைக் கடையில் வாங்குகிறவர்கள் குறைவு. வெடித்த பித்தளை உறையைப் பத்திரப்படுத்தி, பிரஸ் என்ற கை எந்திரத்தில் அச்சை மாட்டி அதன் கழுத்தை இறுக்கி, மருந்தும் குண்டும் புதிதாக ஏற்றிக்கொள்வார்கள். ஒருவரின் அச்சில் இன்னொருவர் கை வைப்பதும் அவர் பல் துலக்கியை எடுப்பதும் ஒன்றுதான். ஓர்வில் ஹாகன் நாற்பது வருடத்தில் ஒரு பெட்டி தோட்டாகூட வாங்கியதில்லை. அதைச் சொல்லாமல் ஒரு வாரம் இருந்ததும் இல்லை.

பட்டறையில் ஓர்வில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது. மேசைக்கு மேலே சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், எல்க் மான் வேட்டைக்கான அனுமதிச் சீட்டைக் குத்தி வைத்திருந்தார். பத்தொன்பது வருடம் குலுக்கலில் பேர் கொடுத்து இந்த வருடம்தான் விழுந்திருந்தது.

“உன்னை யார் கூப்பிட்டது, மார்வா?”

“உன் பண்ணையாள்.”

“அவ இப்ப என் ஆள் இல்ல. இந்தக் கோமாளி எதுக்கு?”

“அழுகை வந்தா சிரிக்க வைக்க,” என்றான் ஆர்லோ. “உங்களுக்கு இலவசம், ஹாகன் சார்.”

மார்வா துப்பாக்கியைக் கேட்டார். டூ செவன்டி ரகம். மரக் கட்டையில் ஒரு பக்கம் நாய்ப் பல் பட்ட தடம். இன்னொரு பக்கம் பேனாக்கத்தியால் செதுக்கிய இரண்டு எழுத்து, ஓர்வில்லின் மாமனார் பேரின் முதலெழுத்துகள். கல்யாணத்தன்று அவர் மருமகன் கையில் கொடுத்த துப்பாக்கி. மார்வா போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறை காலி என்று பார்த்தார். பிறகு துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி அதன் வயிற்றைப் பார்த்தார். அங்கே ஒரு இரும்புத் தகடும் இரண்டு ஸ்க்ரூவும் இருந்தன. ஆர்லோவின் கண்ணுக்கு அவை தகடாகவும் ஸ்க்ரூவாகவும்தான் தெரிந்தன. மார்வா அவற்றை ஒரு கன்றுக்குட்டியின் விலாவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“ஆர்லோ, உன் சீட்டுக்கு அடியில டூ செவன்டி பெட்டி இருக்கில்ல?”

“கடைத் தோட்டாவா?” என்றார் ஓர்வில். எச்சில் துப்ப இடம் தேடுகிறவர் போல் பார்த்தார்.

“நான் சோம்பேறி சார். இட்லி மாவையே ஆட்டாத வம்சம்னு வெச்சுக்கோங்க.”

“என்ன மாவு?”

“விடுங்க. சியாட்டில்ல ஒரு ஓட்டல்ல சாப்பிட்டது.”

மார்வா துப்பாக்கியை வாசலுக்கு வெளியே மண்மேட்டை நோக்கிப் பிடித்து, ஆர்லோவின் தோட்டா ஒன்றை உள்ளே வைத்து, போல்ட்டைத் தள்ளினார். வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. எடுத்துவிட்டார்.

“ஆக, அறையில அழுக்கு இல்ல.”

“என் துப்பாக்கியில அழுக்கு இருக்கும்னு நெனச்சியா?”

ஓர்வில் ஏற்கெனவே தன் இருபதில் ஐந்தைப் பிரித்து உறையை மட்டும் தனியே வைத்திருந்தார். மார்வா அதில் ஒன்றை எடுத்து, ஆர்லோவின் சட்டைப்பையிலிருந்த கறுப்பு மார்க்கர் பேனாவால் முழுக்க மை பூசினார். உறை ஒரு குட்டி பாட்டில் போல இருக்கும். மேலே கழுத்து, கழுத்துக்குக் கீழே சரிந்த தோள், பிறகு உடம்பு. மை காய்ந்ததும் அதை அறைக்குள் வைத்துப் போல்ட்டை அழுத்தினார். பாதியில் நின்றது. வெளியே எடுத்தார். உடம்பில் மை அப்படியே இருந்தது. கழுத்திலும் இருந்தது. தோளைச் சுற்றி மட்டும் ஒரு வளையமாக அழிந்து பித்தளை மின்னியது.

“தோள் இடிக்குது,” என்றார் மார்வா.

“அதான் சொல்றேனே. அவ அச்சைத் திருகிட்டா.”

அச்சு பிரஸ்ஸின் மேல் இருந்தது. அதன் வளையத்தில் ஓர்வில் நாற்பது வருடத்துக்கு முன் கீறிய கோடும் பிரஸ்ஸில் கீறிய கோடும் ஒரே நேராக நின்றன. மார்வா அதைச் சுட்டிக்காட்டினார்.

“திருகிட்டு, திருப்பி வெச்சிருப்பா.”

“அப்ப நல்ல பொண்ணுதானே,” என்றான் ஆர்லோ. “எடுத்ததை எடுத்த எடத்துல வைக்கிறா.”

ஓர்வில் அவனைப் பார்த்த பார்வையில் ஒரு காளை இருந்தது. ஆர்லோ பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்தான்.

“காபி குடிச்சிட்டு வரோம்,” என்றார் மார்வா.

சமையலறையில் ஓர்வில்லின் மனைவி வெர்னா உருளைக்கிழங்கு மாவை மெல்லிய ரொட்டியாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலே இரண்டு கோப்பை வந்தது.

“அந்தப் பொண்ணு போறது எனக்குப் பிடிக்கல,” என்றார். “கன்னு போடுற காலத்துல ரெண்டு வாரம் தூங்காம நின்னவ. ஆனா நாப்பது வருஷமா சரியா இறங்கின தோட்டா இந்த வருஷம் இறங்கலன்னா என்ன சொல்றது? எனக்கு எந்திரம்தான் தெரியும். தோட்டா தெரியாது.”

“எந்திரம்னா?”

“வைக்கோல் கட்டுற மெஷின் நின்னா நான்தான் பிரிச்சு மாட்டுவேன். ஓர்வில் கை வெச்சா அடுத்த நாள் மறுபடி நிக்கும்.”

ஆர்லோ மேசைக்கு அடியில் மார்வாவின் காலை இடித்தான். மார்வா கண்டுகொள்ளவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது எதிரே இருந்த அலமாரியை. ஒரு கதவின் கீல் ஸ்க்ரூக்கள் நேர்த்தியாக இருந்தன. அடுத்த கதவில் ஸ்க்ரூத் தலைகள் எலி கடித்த மாதிரி பிய்ந்திருந்தன.

“இதுல எது யாரோடது?”

வெர்னா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “நல்லா இருக்கிறது என்னோடது. கொதறி வெச்சிருக்கிறது அவனோடது. பட்டறை வரைக்கும் நடந்து ஸ்க்ரூ டிரைவர் எடுக்க மாட்டான். இடுப்புல கத்தி இருக்கே, அதுதான் எல்லாத்துக்கும்.”

“சமீபத்துல ஓர்வில் வெளியூர் எங்கயாவது போனானா?”

“மூணு வாரம் முன்னாடி பில்லிங்ஸ் போனான். கடவாப்பல் புடுங்கணும்னு. காலையில போய் இருட்டினப்புறம் வந்தான்.” வெர்னா ஒரு ரொட்டியைப் புரட்டினார். “வந்ததும் இவ்ளோ பெரிய ஸ்டேக்கைச் சாப்பிட்டான். நல்ல டாக்டர்.”

“ரொம்ப நல்ல டாக்டர்,” என்றார் மார்வா. “அடுப்பை அணைச்சிட்டு பட்டறைக்கு வா. டெஸ்ஸாவையும் கூட்டிட்டு வா.”

முற்றத்தைக் கடக்கும்போது ஆர்லோ குரலைத் தாழ்த்தினான். “வெர்னாதான்.”

“ஏன்?”

“பிரிச்சு மாட்டத் தெரியும்னு அவங்களே சொல்றாங்க. நாப்பது வருஷக் குடித்தனம். எனக்கு ரெண்டு கல்யாணம் ஆச்சு, ரெண்டு தடவையும் என் சாமானெல்லாம் இப்படித்தான் வேலை செய்யாமப் போச்சு.”

“உன் சாமான் கல்யாணத்துக்கு முன்னாடியே வேலை செஞ்சதில்ல.”

ஆர்லோ அதை யோசித்தபடி நடந்தான்.

பட்டறையில் ஐந்து பேர் நின்றால் இடம் சரியாகிவிடும். டெஸ்ஸா கதவருகே நின்றாள், வண்டிச் சாவி கையில். மார்வா மேசை மேல் சாய்ந்துகொண்டார்.

“ஓர்வில், எனக்கு மாடுதான் தெரியும். உறையைப் பத்திச் சொல்லிக்கொடு. நீ கழுத்தை மட்டும்தான் இறுக்குவியாமே.”

ஓர்வில் தயங்கினார். ஆனால் நாற்பது வருடமாகத் தேவாலய வாசலிலும் தீவனக் கடையிலும் நடத்திய பாடம் அது. கேட்டால் வராமல் இருக்காது.

“வெடிக்கிறப்ப உறை ஊதும்,” என்றார். “ஊதி, அந்த அறையோட சுவர்ல போய் ஒட்டும். அப்புறம் மயிரிழை சுருங்கும். அவ்வளவுதான். அந்த உறை அந்தத் துப்பாக்கிக்கு அளவெடுத்துத் தெச்ச சட்டை. புதுக் குண்டைப் பிடிக்கிறதுக்குக் கழுத்தை மட்டும் இறுக்கினாப் போதும். முழு உறையையும் அமுக்கிறவன் சட்டையைக் கிழிச்சிட்டு ஊருக்கெல்லாம் பொதுவா ஒரு சாக்கு தெக்கிறான்.”

“அந்த உறை வேற துப்பாக்கியில போகுமா?”

“போகலாம். போகாமயும் இருக்கலாம். அந்தத் துப்பாக்கியோட அறை கொஞ்சம் சின்னதா இருந்தா…”

அவர் நிறுத்தினார்.

“இருந்தா?” என்றார் மார்வா.

“இறங்காது.”

“எங்க இடிக்கும்?”

ஆர்லோ மேசை மேல் கிடந்த மை பூசிய உறையைப் பார்த்தான். தோளைச் சுற்றிப் பித்தளை வளையம். அவனுக்கு ஏதோ ஒன்று மெல்ல இறங்க ஆரம்பித்தது.

“உன் அச்சு கழுத்தை மட்டும்தான் தொடும்,” என்றார் மார்வா. “இடிக்கிறது தோள். டெஸ்ஸா அதை எந்தப் பக்கம் எவ்வளவு திருகியிருந்தாலும் தோள் வளராது.”

“பல தடவை ஏத்தின உறை தானாவே இறுகும். எல்லாருக்கும் தெரியும்.”

“அப்ப அதைத்தானே செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கணும். சரி, அதையும் பாப்போம்.”

மார்வா அலமாரியில் இருந்த காபி டப்பாவை எடுத்தார். மேலே ஒட்டிய நாடாவில் ஓர்வில்லின் கையெழுத்து: போன வருடம், ஒரு முறை சுட்டது. உள்ளே இருந்த உறைகளின் வாய் புகையில் கறுத்திருந்தது. ஒன்றைத் திருப்பி அடிப்பாகத்தைக் காட்டினார். வெடித்த பழைய கேப் இன்னும் அதில் இருந்தது.

“பிரஸ்ல வெச்சிருந்தா முதல்ல இதுதான் கீழ விழும். விழல. ஆக, இதை யாரோட அச்சும் தொடல. உன்னோடதும் இல்ல, அவளோடதும் இல்ல. போன வருஷம் உன் துப்பாக்கியில ஒரு தடவை வெடிச்சது, வெளிய வந்தது, டப்பாவுல விழுந்தது. சரியா?”

“சரி.”

“அளவெடுத்துத் தெச்ச சட்டை. போட்டுப் பாரு.”

ஓர்வில் உறையை வாங்கவில்லை. டெஸ்ஸா வந்து வாங்கினாள். துப்பாக்கியில் வைத்துப் போல்ட்டைத் தள்ளினாள். பாதியில் நின்றது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும். நாலாவதில் நிறுத்திக்கொண்டாள்.

“உறை மாறல,” என்றாள் மெதுவாக. “துப்பாக்கிதான் மாறியிருக்கு.”

வெர்னா கட்டையிலிருந்த எழுத்தைத் தொட்டார். “இது எங்கப்பா செதுக்கினது. நாய் கடிச்ச தடமும் இதேதான். எப்படி மாறும்?”

“அது சேணம்,” என்றார் மார்வா. “சேணத்தைக் கழட்டி வேற குதிரையில போடலாம். சூட்டுக்குறி தோல்ல இருக்கும்.” துப்பாக்கியைத் திருப்பினார். “நாப்பது வருஷமா ஓர்வில் இதை இந்த எடத்துல பிடிச்சுத்தான் தூக்குறான். மரம் இங்க வழவழன்னு தேஞ்சிருக்கு. அதே உள்ளங்கை படுற இந்தத் தகடு? கறுப்பு மெருகு புதுசு மாதிரி இருக்கு. கை மரத்தை மட்டும் தேய்க்குமா? யாரோ ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டி, பழைய கட்டையை வேற இரும்புல மாட்டியிருக்காங்க. ஸ்க்ரூத் தலையைப் பாரு, வெர்னா. உனக்குத் தெரிஞ்ச கையெழுத்துதான்.”

வெர்னா குனிந்தார். இரண்டு ஸ்க்ரூத் தலைகளும் எலி கடித்த மாதிரி பிய்ந்திருந்தன.

பிறகு நிமிர்ந்து கணவரின் இடுப்புக் கத்தியைப் பார்த்தார்.

“எந்தப் பல்லு?” என்றார்.

“வெர்னா…”

“பில்லிங்ஸ்ல எந்தப் பல்லைப் புடுங்கின? வாயைத் திற.”

ஓர்வில் வாயைத் திறந்தார், ஆனால் பல்லைக் காட்ட அல்ல. செப்டம்பரில் நரியைச் சுடப் போனது. வேலிக் கதவைத் திறக்கத் துப்பாக்கியைப் பிக்கப்பின் பின் சக்கரத்தில் சாய்த்து வைத்தது. கதவைத் திறந்தது, வண்டியில் ஏறியது, பின்னால் எடுத்தது. கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. குழல் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. பில்லிங்ஸ் துப்பாக்கிச் சந்தையில் அதே வகையில் அதே வருடத்து ஒன்று கிடைத்தது. கட்டையையும் ஸ்கோப்பையும் மாற்றினார். யாருக்கும் தெரியாது என்று நினைத்தார்.

“உறையை மறந்துட்டேன்,” என்றார். “ஊருக்கே பாடம் நடத்துறவன் மறந்துட்டேன். போல்ட் நின்ன நொடியில புரிஞ்சிடுச்சு. நீ அங்க நின்னுட்டு இருந்த. உங்கப்பா கொடுத்தது. வாயில முதல்ல வந்த பேரைச் சொல்லிட்டேன். அப்புறம் திரும்ப எடுக்க முடியல.”

ஆர்லோவுக்கு மூன்று நல்ல வார்த்தைகள் தோன்றின. மூன்றையும் விழுங்கினான்.

“அப்பா அதைச் சீட்டாட்டத்துல ஜெயிச்சார்,” என்றார் வெர்னா. “சுட்டா தோளைப் பேத்துடுதுன்னு அவருக்கு அதைக் கண்டாலே ஆகாது. வீட்டை விட்டுப் போனாப் போதும்னுதான் உன் கையில கொடுத்தார்.”

ஓர்வில் முக்காலியில் உட்கார்ந்தார்.

“துப்பாக்கி மேல வண்டியை ஏத்தினது பரவாயில்ல, ஓர்வில். இந்தப் பொண்ணு மேல ஏத்தினியே.” வெர்னா சுவரிலிருந்த போனை எடுத்து அவர் மடியில் வைத்தார். “காபியோட நின்னாங்களே ரெண்டு பேர். முதல்ல அவங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

இரண்டு அழைப்பும் சேர்ந்து நாலு நிமிடம் ஆனது. முதல் ஆள் அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னான். இரண்டாவது ஆள் சிரித்தது பட்டறைக் கதவு வரை கேட்டது. டெஸ்ஸா கையுறையைக் கழற்றினாள்.

“அவங்க கேட்டுட்டாங்க,” என்றாள். “நான் இன்னும் கேக்கல.”

ஓர்வில் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். வெர்னாவின் அப்பா சாவுக்குப் பிறகு அவர் தொப்பியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

“நீ எதையும் தொடல. நான் பொய் சொன்னேன். இரு, போகாத.”

டெஸ்ஸா கொஞ்ச நேரம் அவர் தலையைப் பார்த்தாள். பிறகு டிரெய்லருக்குப் போய் ஒரு சின்ன டப்பாவோடு வந்தாள். உள்ளே அவளுடைய அச்சு. கழுத்து, தோள், உடம்பு எல்லாவற்றையும் சேர்த்து அமுக்குவது.

“சாக்கு தெக்கிற அச்சு, பாஸ். சனிக்கிழமை வேட்டை தொடங்குதே, வேற வழி இல்ல.”

காபி டப்பா உறை ஒன்றை எண்ணெய் தடவி அமுக்கினாள். துப்பாக்கியில் வைத்துப் பார்த்தாள். இன்னும் இடித்தது. அச்சை ஒரு மயிரிழை கீழே திருகினாள். மறுபடி அமுக்கினாள், மறுபடி வைத்தாள். மூன்றாவது தடவை போல்ட் இரண்டு விரல் அழுத்தத்துக்கே இறங்கியது.

“கொஞ்சம் தளர்வா இருக்கோ…” என்றார் ஓர்வில்.

நாலு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

“இல்ல. சரியா இருக்கு.”

ஒரு மணி நேரத்தில் அவள் மூன்று தோட்டாக்களை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“மூணுதானா?”

“தட்டுக்கு மூணு போதும். எல்க்குக்கு வேணுங்கிறது அப்புறம். என் டிரெய்லருக்கு வர தண்ணிக் குழாயைச் செவ்வாய்க்கிழமை புடுங்கிப் போட்டீங்கல்ல. அதை மாட்டுங்க. தண்ணி உறையாம இருக்கச் சூடேத்துற கம்பியையும் சுத்துங்க. உள்ள தண்ணி வந்ததும் மீதி.”

ஓர்வில் வெர்னாவைப் பார்த்தார். வெர்னா ரொட்டியைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஆர்லோவும் மார்வாவும் கிளம்பும்போது டிரெய்லருக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டெஸ்ஸா உள்ளே, தொட்டியருகே நின்றாள். கதவு திறந்திருந்தது.

“வருதா?” என்றது பூட்ஸ்.

“வரல பாஸ்.”

இரும்பு இரும்பில் உரசும் சத்தம். ஒரு முனகல்.

“இப்ப?”

ஆர்லோ வண்டியின் ஜன்னலை இறக்கி உள்ளே எட்டிப் பார்த்தான். குழாயிலிருந்து தண்ணீர் கட்டை விரல் தடிமனில் கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டி ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தது. டெஸ்ஸா அவனைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தாள்.

“ஒரு சொட்டுகூட இல்ல பாஸ். இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிப் படுத்துப் பாருங்க.”